நிலைப்படி தாண்டிய பதினோரு வாரம்

மார்ச் 3

என் மூளைக்காரத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் கைநடுக்கமும் நலமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறது. மாதம் ஒரு கடிதம் கையால் எழுதச் சொன்னாய். இந்தப் பார்க்கின்சன் நோய் முற்றினால் எழுத்து சிறுக்கும், ஸ்கேல் வைத்து அளப்பேன் என்றாய். அளந்துகொள்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவன், இப்போது படுக்கையறை நிலைப்படியில் நின்றுவிடுகிறேன். வெறும் தரையில் நடக்கிறேன். கதவு வந்தால் கால் ஒட்டிக்கொள்கிறது. உன் அண்ணி பின்னால் நின்று, "சிக்னல் எப்பங்க விழும்?" என்கிறாள். சிரிக்கிறோம். ஆனாலும் வெட்கமாக இருக்கிறது.

இங்கே மருத்துவமனையில் ஒரு புது மருந்துச் சோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். உன் ஆராய்ச்சியில் பிறந்த மருந்தாமே! சேரட்டுமா?

நீ வந்து ஆறு வருடமாகிறது என்று அண்ணி குறைப்படுகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அண்ணன்


மார்ச் 17

அன்புள்ள அண்ணா,

சேர்ந்துவிடு. ஏற்பி என்று நாங்கள் சொல்வதை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள். அதைத் திறந்து காலை நகர்த்தும் சாவி, டோபமைன் என்ற மூளைச் சுரப்பு. உன் மூளையில் அது வற்றிவருகிறது. வேறு சாவியால் அந்தப் பூட்டைத் திறக்கத்தான் இருபத்திரண்டு வருடமாக எலிகளோடு மல்லுக்கட்டுகிறேன்.

ஒன்று மட்டும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கும் டாக்டருக்கே தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்தச் சோதனை முடியட்டும், கட்டாயம் வருகிறேன்.

தங்கை


ஜூலை 20

மூளைக்காரி,

நடந்துவிட்டேனடி! சோதனை முடியும்வரை உனக்கு எழுதக் கூடாது என்றார்கள், அதனால்தான் இத்தனை மாதம் கடிதமில்லை. மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம், ஒருநாள் காலையில் நேராகச் சமையலறைக்கே போய் நின்றேன். அண்ணி கரண்டியைக் கீழே போட்டாள். "என்னங்க, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க!"

அன்றிலிருந்து பதினோரு வாரம், ஒரு கதவும் என்னை நிறுத்தவில்லை. எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "என் தங்கச்சி மருந்து" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். எங்கேயோ உட்கார்ந்து நீ செய்த வேலை என் காலைத் தூக்கி வைக்கிறது. நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

சோதனை முடிந்தது. எனக்குக் கொடுத்தது எது என்று கேட்டால் சொல்வார்களாம். அவர்களிடம் கேட்கமாட்டேன். நீ கேட்டுச் சொல், உன்னிடம் சொல்லலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீ சொன்னால் சரி.

அண்ணன்


ஆகஸ்ட் 11

அண்ணா,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். உனக்குக் கொடுத்தது வெறும் மாத்திரை.

மருந்துதான் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நீ இன்னும் நடப்பாயோ என்னவோ. உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. என் மருந்து தோற்றுவிட்டது. அதைச் சாப்பிட்டவர்களும் உன் அளவுக்குத்தான் தேறினார்கள். உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் சோதனையின்போது எடுத்த உன் மூளையின் ஸ்கேனைப் பார்த்தேன். அண்ணா, பூட்டுகளில் சாவி இருந்தது! உன்னுடைய சாவி. குணமாகும் என்று நீ நம்பியதற்கே, வற்றிப்போன மூளை மிச்சமிருந்ததையெல்லாம் சுரந்திருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இதற்கு முன்னால் நான் எத்தனை சின்னவள்!

இனி உன் கால் நின்றால் அது என்னால்தான். என்னை மன்னிப்பாயா?

தங்கை


செப்டம்பர் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே நிலைப்படியில் நின்றுவிட்டேன். மறைப்பானேன்?

இரண்டு நாள் உன்மேல் கோபம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். "நீங்க கேட்டீங்க, அவ சொன்னா. பொய் சொல்லியிருந்தா விட்டுருப்பீங்களா?" என்றாள் அண்ணி.

மூன்றாம் நாள் கண்ணாடி முன்னால் நின்று என் தலையையே பார்த்தேன். ஹாரன் சத்தத்தைத் தவிர ஒன்றும் ஏறாத மண்டை என்றல்லவா நினைத்திருந்தேன்! இதற்குள்ளா அத்தனை மருந்து? இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

ஆனால் நான் மாத்திரையை எங்கே நம்பினேன்? உன்னைத்தான் நம்பினேன். அதனால் மன்னிப்பெல்லாம் கேட்காதே, மருந்தும் தேடாதே. புறப்பட்டு வா. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "வா அண்ணா" என்று ஒரு தடவை கூப்பிடு.

தாண்டினால் உன் ஆராய்ச்சிக்கு ஆச்சு. தாண்டாவிட்டால் நீ இந்தப் பக்கம் வந்துவிடு.

அண்ணன்