நீலமீன் வழக்கில் நெடும்பார்த்துறைத் தலைவருக்கு விடுத்த ஓலை

கடல் தன் எல்லையில் நிற்க. கலங்கள் கரை சேர்க. கலங்கரை விளக்கின் தீ அணையாதிருக்க.

பவழக்கோட்டத்து அரியணையில் அமர்ந்து தீவுகளையும் துறைகளையும் ஒருகுடைக்கீழ் ஆளும் எழினிநங்கை, நம் தந்தையார் காலந்தொட்டு நெடும்பார்த்துறையைக் காத்து நிற்கும் தலைவர் எயினன் சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமது துறைக்கும் மனைக்கும் நலம் உண்டாகுக.

உமது வலப் பெருவிரல் அழுந்திய அரக்கு முத்திரையோடு நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதில் இரண்டு கேட்டிருந்தீர். கொடிமீனைக் கரையேற்றிக் கொன்ற பரதவன் கோடனின் வலப் பெருவிரலை வெட்ட நம் ஒப்புதல் வேண்டும் என்பது ஒன்று. மீனை ஆராயப் போன இளைஞன் தத்தன் ஊரார் முன்னிலையில் உம்மை ஏமாற்றினான், அவனையும் தண்டிக்க வேண்டும் என்பது மற்றொன்று. தத்தனை அவையில் நிறுத்திக் கேட்டோம். கோடனின் மனைவி மருதியையும் கேட்டோம். அவர்கள் சொன்னதை இங்கே எழுதச் செய்கிறோம். பிழை இருந்தால் நீர் திருத்தலாம்.

நம் கொடியில் எழுதிய மீனை எவரும் கொல்லலாகாது, அறிந்து செய்தாலும் அறியாமல் செய்தாலும் விரல் போகும் என்பது நம் பாட்டனார் வகுத்த சட்டம். மீனை அடையாளம் காணத் துறைதோறும் ஒரு படச்சீலை உண்டு. சிவந்த உடல், இடுப்பைச் சுற்றி ஒரு கரும்பட்டை, தாடையின் கீழே இரண்டு மீசை. கோடனின் கூடையில் கிடந்த மீன் அந்தப் படச்சீலையை அப்படியே ஒத்திருந்தது. நீர் அவனை உப்புக் கிடங்கில் அடைத்தீர். அதுவரை உம்மிடம் குறையில்லை.

தத்தன் பகலில் சுங்கச்சாவடியில் வேலை பார்த்து, அந்திப்பள்ளியில் படித்து, மீன்வகை ஆராயும் பணிக்கு வந்தவன். ஒன்றைப் பார்த்தால் மறுபடி பார்ப்பான். பார்த்த பிறகும் சரியாகப் பார்த்தோமா என்று கவலைப்படுவான். உப்பிலிட்ட மீனைச் சீலையின் மேல் கிடத்தி மீசையைப் பார்த்தான், முதுகுத் துடுப்பின் முட்களைப் பார்த்தான், வாலின் பிளவைப் பார்த்தான். எல்லாம் பொருந்தின. ஒன்றாவது பொருந்தாமல் போகாதா என்று இன்னொரு முறையும் பார்த்தானாம். பிறகு கிடங்குக்குப் போய், அது கொடிமீன்தான் என்று கோடனிடம் சொன்னான்.

கோடன் அழவில்லை. ஐயா, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வலையில் வந்தபோது அது நீலமாக இருந்தது, கடற்பாறைத் திட்டான பாருக்கு அப்பால் எங்கள் உலைப்பானையில் அந்த நீலமீன் கொதிக்காத நாளில்லை, கூடைக்குள் என் கண் படாத நேரத்தில் அது ராஜாவாகிவிட்டது என்றான். கரையில் அது விலை போகாது என்று பரதவர் எவரும் அதைக் கொண்டுவருவதில்லை. பிடித்த கையோடு துடிக்கத் துடிக்க அறுத்துப் பானையில் போட்டுத் தின்றுவிடுவது அவர்கள் வழக்கம். அப்படியானால் இந்த ஒன்றை ஏன் கொண்டுவந்தாய் என்று தத்தன் கேட்டான்.

விடை சொன்னவள் மருதி. அவளுக்கு இது மாதம் நிறையும் நேரம். கடலில் ஆண்கள் தின்றுவிட்டுக் கரையில் வந்து ருசியை மட்டும் சொல்கிறீர்களே, அந்தக் கதையை எத்தனை நாள் தின்பது, ஒருநாள் மீனைக் காட்டுங்கள் என்று தானே கேட்டதாகச் சொன்னாள். கேட்டவள் நான், விரல் மட்டும் அவருடையதா என்றும் கேட்டாள்.

மற்றப் பரதவர்களைத் தத்தன் விசாரித்தான். நீலமீனா, அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார்கள். தின்றதை ஒப்புக்கொண்டால் தங்கள் விரலுக்கும் கத்தி வரும் என்ற அச்சம். கோடன் சொன்னது உண்மையா என்று அறிய ஒரே வழிதான் இருந்தது. உயிரோடு ஒரு நீலமீனைப் பிடித்து வந்து, கரையில் சாகவிட்டுப் பார்க்க வேண்டும். அது சிவந்தால் கோடன் சொன்னது மெய். ஆனால் பிடித்தவனும் கொடிமீனைக் கொன்றவனே. சிவக்காவிட்டால் கோடன் பொய்யன்.

மருதியின் தம்பி பூழியன் கட்டுமரத்தில் தத்தனைப் பாருக்கு அழைத்துப் போனான். ஆனால் தூண்டில் கயிற்றைத் தொட மறுத்துவிட்டான். என் அக்காளுக்கு ஒருவர் விரல் போனால் போதும், உங்களுடையது எழுதுகிற விரல், விலை கூடினது, நன்றாக யோசித்துவிட்டுத் தூண்டிலைப் போடுங்கள் என்றானாம். தத்தன் தூண்டிலைப் போட்டான். வந்தது நீலம், மயிற்கழுத்தின் நீலம், முதுகில் மஞ்சள் கோடு. தாடையின் கீழே இரண்டு மீசை. கடல்நீர் நிறைத்த தாழியில் விட்டு, வழியெல்லாம் நீர் மாற்றிக் கொண்டுவந்தான்.

இனி நடந்தது உமக்கே தெரியும். துறைமுற்றத்தில் ஊர் கூடியிருந்தது. இது கொடிமீனா என்று தத்தன் உம்மைக் கேட்டான். நீர் படச்சீலையை விரிக்கச் செய்து, தாழியையும் சீலையையும் மாறி மாறிப் பார்த்து, இதில் எது ஒத்திருக்கிறது தம்பி, இது நீலம், அது சிவப்பு, குருடனும் பிரித்துச் சொல்வான், இதை என் சமையற்காரனிடம் கொடு என்றீர். தத்தன் தாழிக்குள் கைவிட்டான். தன் விரலைக் கடைசியாக முழுதாகப் பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியதாம். மீன் நழுவியது. மறுபடி நழுவியது. கூட்டம் சிரித்தது. பொறுமையிழந்த நீர், பயந்த கைக்கு மீன் அகப்படாது என்று சொல்லி, அவனை விலக்கிவிட்டு, உமது கையாலேயே அதை அள்ளி மீனறுக்கும் பலகையில் எறிந்தீர்.

மீன் வாய் பிளந்து துடித்தது. நீலம் நீலமாகவே இருந்தது. தன்னால் கோடனின் விரல் போயிற்று என்று தத்தன் நினைத்தான். துடிப்பு அடங்கும் நேரத்தில் வாலில் ஒரு சிவப்பு ஏறியது. அது வயிற்றுக்குப் பரவி, முதுகின் மஞ்சளை விழுங்கி, இடுப்பைச் சுற்றிக் கரும்பட்டையாக இறுகி நின்றது. சமையற்காரனைக் கூப்பிடட்டுமா என்று மருதி கேட்டாள்.

இவ்வளவுதான் நாம் கேட்டது.

நிறம் மாறும் என்பதை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று தத்தனை நாமே வினவினோம். மாறுமா என்று எனக்கே உறுதியில்லை, உறுதியில்லாததைத் தலைவரிடம் சொல்ல அஞ்சினேன், என் கையால் கொல்லவே நினைத்திருந்தேன் என்றான். அவன் சொல்லில் வஞ்சனை காணவில்லை. அவனைத் தண்டிக்கக் கேட்ட உமது வேண்டுகோளை மறுக்கிறோம்.

பாட்டனார் காலத்து ஓவியனுக்கு மாதிரியாக வைக்கப்பட்டது செத்த மீன் என்பது இப்போது விளங்குகிறது. இத்தனை காலமும் நம் கொடியில் பறந்தது பிணம். உயிருள்ள நிறத்தில் அதைப் புதிதாக எழுத ஓவியர்களை உமது துறைக்கு அனுப்புகிறோம். தாழியில் ஒரு மீனை அவர்களுக்குக் காட்டிவிட்டுக் கடலிலேயே விடச் செய்க. அப்பணியை மேற்பார்க்கத் தத்தனும் வருகிறான்.

கோடனின் வழக்கில் நம் கட்டளை இது. அறியாமல் கொன்றவனுக்கும் விரல் போகும் என்ற சட்டம் நிற்க வேண்டும் என்று நீர் கருதினால், அது நிற்கட்டும். கோடனின் விரலும் போகட்டும். ஆனால் வரிசை உண்டு. அவன் கொன்றதை எவரும் கண்ணால் பார்க்கவில்லை. நீர் கொன்றதை ஊரே பார்த்தது. ஆகையால் பலகையில் முதலில் வைக்க வேண்டியது உமது விரல். அறியாமல் செய்தவனுக்குக் குற்றமில்லை என்று கருதினால், இவ்வோலையை முற்றத்தில் நின்று உமது வாயால் படித்து, உப்புக் கிடங்கைத் திறந்து, அவனை அவன் மனைவியிடம் சேர்ப்பித்து, அச்சட்டம் இனி இல்லை என்று பறையறைவிக்கக் கடவீர். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் நமக்கு மறுஓலை விடுக்க வேண்டும்.

அவ்வோலையின் அரக்கை முதலில் பார்ப்போம். உமது வலப் பெருவிரல் அதில் பதிந்திருந்தால், கோடன் தன் வீட்டில் இருக்கிறான் என்று அறிந்துகொள்வோம். ஓலையைப் பிரித்துப் படிக்கவும் வேண்டியிராது.

இது எழினிநங்கையின் மொழி. நம் வலப் பெருவிரலை அரக்கில் அழுத்தி விடுத்தோம். கடல் சாட்சி.