நாலுகண்ணன் பிடித்த பிறை

மார்ச் 2, திங்கள்

ஆசிப் வந்து சேர்ந்தான். ஷார்ஜாவிலிருந்து விமானம், சென்னையிலிருந்து கார். கோட்டக்குப்பம் வாசலில் இறங்கும்போதே கையில் போன். என்னைக் கட்டிப்பிடித்ததுகூட ஒரு கையால்தான். இன்னொரு கை போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. புது ஆப்பிளாம். கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வுழாதும்மா" என்றான். பெத்தவளைக் கீழே போட்டாலும் போடுவான், அதைப் போட மாட்டான்.

பிள்ளை இளைத்திருக்கிறான். சூப்பர் மார்க்கெட் வேலை, நாளெல்லாம் நிற்கிறான். நோன்பு வேறு.

திரும்பிப் போகிற டிக்கெட் இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை காலை. "வெள்ளிக்கிழமை பெருநாள் முடிச்சிட்டு கெளம்பிடுவேம்மா" என்கிறான். வெள்ளிக்கிழமை பெருநாள் என்று இவனுக்கு யார் சொன்னது? அவர்கள் ஊரில் ஒரு நாள் முன்னாடியே நோன்பு பிடித்தார்கள். அங்கே வெள்ளிதான். நமக்கு வியாழன் சாயங்காலம் பிறை கண்ணில் பட்டால் வெள்ளி, படாவிட்டால் சனி. சனிக்கிழமை ஊரே தொழப் போகும்போது இவன் ஆகாயத்தில் இருப்பான். அங்கே போய் இறங்கும்போது அங்கே பெருநாள் முடிந்து பாத்திரம் கழுவியிருப்பார்கள்.

ஷார்ஜா போன நாளிலிருந்து ஒரு பெருநாளுக்கும் இவன் வீட்டில் இல்லை. இந்தத் தடவையும் இல்லை என்றால்?

டிக்கெட்டை மாற்று என்றேன். கம்பெனி விடாதாம்.

மார்ச் 4, புதன்

நோன்பு திறக்க ஃபஸீஹாவும் மாப்பிள்ளையும் திண்டிவனத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பாசித் அங்கே போன் கடை வைத்திருப்பவர். அவர் கையில் இருப்பதற்குப் பின்பக்கம் நாலு கண்ணாடி. நான் அதற்கு நாலுகண்ணன் என்று பேர் வைத்துவிட்டேன்.

கஞ்சி குடித்த வாய் காய்வதற்குள் இரண்டு பேருக்கும் சண்டை. என் மகனும் மருமகனும் சண்டை போடுவது சொத்துக்கு என்றால்கூடப் பெருமையாக இருக்கும். போனுக்கு.

மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கடலுக்கு மேலே நிலா தாம்பாளம் மாதிரி ஏறியிருந்தது. மாப்பிள்ளை நாலுகண்ணனைத் தூக்கிப் பிடித்து இழு இழு என்று பெரிசாக்கினார். நிலாவில் இருக்கிற மேடு பள்ளம் எல்லாம் தெரிந்தது. என் முகத்தில் அம்மைத் தழும்பு தெரிகிற மாதிரி.

"எங்க, உங்க ஆப்பிள்ல காட்டுங்க மச்சான்."

ஆசிப் காட்டினான். ஒரு வெள்ளை உருண்டை, அவ்வளவுதான்.

"இது என்ன, ரசகுல்லாவா?" என்றேன்.

ஆசிப்புக்குக் கோபம். "ம்மா, அது போட்டோ இல்ல. அந்தப் போனுக்கு நிலா எப்படி இருக்கும்னு முன்னாடியே தெரியும். வெள்ளையா எதனா பாத்தா அதுவே வரைஞ்சிடும். என்னுது கண்டதத்தான் காட்டும்."

"தோத்தவங்க சொல்ற பேச்சு மாமி" என்றார் மாப்பிள்ளை.

மார்ச் 8, ஞாயிறு

திண்டிவனம் போயிருந்தோம். மாப்பிள்ளை கடையில் என்னை உட்கார வைத்து இரண்டு போனிலும் படம் எடுத்தார்கள். எனக்கு வாங்கித் தருவது எது என்று முடிவு பண்ணுகிறார்களாம். என் பட்டன் போனை யாரும் கேட்கவில்லை, பாவம், பையில் கிடந்தது.

நாலுகண்ணனில் நான் வெளுத்துப்போய், சுருக்கம் இல்லாமல், ஃபஸீஹாவுக்கு அக்கா மாதிரி இருந்தேன். ஆப்பிளில் நான் நானாகவே இருந்தேன்.

"உன் போன் உண்மை பேசுது. மாப்பிள்ளை போன் மரியாதை தெரிஞ்சது" என்றேன். கடைக்கு வந்திருந்த மயிலத்துக்காரர் ஒருத்தர் சிரித்துச் சிரித்துக் கவர் வாங்க வந்ததையே மறந்துவிட்டார்.

நாலுகண்ணன் ஒரு குளியல் நேரத்தில் வயிறு நிறையச் சார்ஜ் குடித்துவிடுகிறான். ஆப்பிள் மெல்ல மெல்லக் குடிக்கிறது, புது மருமகள் மாதிரி. ஆனால் வீடியோ எடுத்தால் ஆப்பிள்தான் ஆடாமல் நிற்கிறது. கையில் வைத்தால் இரண்டும் செங்கல்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது வியாழக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

மார்ச் 11, புதன்

ஒன்றும் இல்லை. மாடிக்குப் போனேன், வந்தேன், போனேன். எதற்கு?

மார்ச் 13, வெள்ளி

பெருநாள் துணி எடுக்க விழுப்புரம். கடைக்காரப் பெண் கேட்டாள், "பெருநாள் என்னைக்குங்கம்மா?" வெள்ளிக்கிழமை என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

எங்க வீட்டுக்காரர் யூசுப் அலி பக்கத்தில் நின்றுகொண்டு, "ஜமாத்துல சொல்றதுக்கு முன்னாடி நீயே அறிவிச்சிட்டியா?" என்றார்.

"நான் ஆசைய அறிவிச்சேன். நீங்க பிறைய அறிவிங்க."

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் அதுதான் மனசில். சொல்ல மாட்டார்.

ஆசிப்புக்கு நீலச் சட்டை எடுத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

மச்சான்கள் பஞ்சாயத்து இன்று என்னிடம் வந்தது. பிறை எந்தப் போனில் முதலில் விழுகிறதோ அந்தப் போன்தான் பெரிசு. தோற்றவர் இனிமேல் என் வீட்டில் போன் பேச்சே எடுக்கக் கூடாது. இது என் தீர்ப்பு.

"பிறையக் கண்ணாலதான் பாக்கணும். போன்ல பாத்தா செல்லாது" என்றார் எங்க வீட்டுக்காரர்.

"கண்ணுக்கு ஒரு வழி காட்டறதுக்குத்தான மாமா" என்றார் மாப்பிள்ளை.

எந்தப் போனாவது காட்டட்டும். ஓட்டைப் போனாக இருந்தாலும் சரி.

மார்ச் 18, புதன்

மேற்கே மேகம். பாழாய்ப்போன மேகம்.

மார்ச் 19, வியாழன்

இப்போதுதான் கீழே வந்தேன். எழுதாவிட்டால் நெஞ்சு அடங்காது.

நோன்பு திறந்ததும் எல்லோரும் மாடியில். பக்கத்து மாடிகளிலும் ஆட்கள். மேற்கே ரோட்டுக்கு அந்தப்பக்கம் தென்னை மரங்கள், அதுக்கு மேலே புகை மாதிரி மூட்டம். நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை நாலுகண்ணனைக் கைப்பிடிச் சுவரில் வைத்து இழுத்துப் பெரிசாக்கினார். தென்னங்கீற்றுக்கு மேலே மெல்லிசாக, வெள்ளையாக, தோணி மாதிரி மல்லாந்து ஒரு கோடு.

"மாமி. பிறை. பாருங்க, பிறை."

ஃபஸீஹா கத்தினாள். பக்கத்து மாடியிலிருந்து அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். ஆசிப் அவன் போனைத் தூக்கினான். "என்னுதுல புள்ளிதான் மச்சான் தெரியுது."

"உங்க போன் லட்சணம் அவ்ளோதான்."

ஆசிப் போனைப் பையில் போட்டுக்கொண்டான். அவனுக்கும் அது பிறையாக இருக்க வேண்டியிருந்தது. எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. மாப்பிள்ளை நூறு வருஷம் இருக்கட்டும் என்றேன். தொழ வைக்கிற அஜரத்திடம் சொல்ல மூன்று ஆம்பிளைகளும் பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். ஜல்தி போங்க என்று நான்தான் விரட்டினேன்.

நானும் ஃபஸீஹாவும் மாடியிலேயே மக்ரிப் தொழுதோம். மனசுக்குள் கறி வாங்கி, வெங்காயம் உரித்து, தம் போட்டாகிவிட்டது. தொழுது முடித்துப் பார்த்தேன். அந்த வெள்ளைப் புள்ளி அங்கேயே இருந்தது. அதே கீற்று நுனிக்கு மேலே.

முதல் நாள் பிறை நிற்குமா? எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். இது இறங்கவே இல்லை. இருட்ட இருட்ட இன்னும் பளிச்சென்று ஆனது. காற்றில் கீற்று விலகியது. கீழே வரிசையாகப் பச்சை பல்பு.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் புதுப் பள்ளிவாசல். பெருநாளுக்காக மினாரா உச்சியில் பிறை வைத்து வெள்ளை லைட் போட்டிருக்கிறார்கள். இன்றைக்குத்தான் முதலில் எரிய விட்டிருக்கிறார்கள்.

ஃபஸீஹாவும் பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, சும்மா இரு. அங்க பெரியவங்க இருக்காங்க, அவங்க பாத்துக்குவாங்க. நாளைக்குப் பெருநாள்னா அண்ணன் இருக்கும்ல."

சும்மா இருந்தேன். பொய் எழுத மாட்டேன், சும்மாதான் இருந்தேன். வாயத் தொறக்கலன்னா யாருக்குத் தெரியும்? எம்புள்ள நாளைக்கு நீலச் சட்ட போட்டுக்கினு எம்முன்னாடி உக்காந்து துன்னுவான். அதுக்கு ஊரு மொத்தம் கடசி நோம்ப வுடணுமா? எம்புள்ள ஒருத்தன் துன்றதுக்கு —

அவருக்குப் போன் போட்டேன். "ஏங்க, அது பிறை இல்லீங்க. மினாரா லைட்டு."

"ஹாஜிரா, அஜரத்து முன்னாடி உக்காந்துக்கினு இருக்கோம். உன் வெளாட்டுக்கு இதான் நேரமா?" வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. ஆயுசு முழுக்கக் கிண்டல் பண்ணியவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆசிப்புக்குப் போட்டேன். "டேய். அம்மா வெளாடலடா."

"என்னம்மா?" என்றான்.

"அது இறங்கல. அதே எடத்துல நிக்குது. வந்து பாரு."

"சரிம்மா" என்றான்.

அவர் வந்து சொன்னார். அஜரத்து கேட்டுக்கொண்டிருந்தாராம், கண்ணால் பார்த்தீர்களா, போனில் பார்த்தீர்களா என்று. மாப்பிள்ளை ஆர்வத்தில் கண்ணாலும்தான் என்று சொல்ல எழுந்திருக்கிறார். ஆசிப் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "அது லைட்டு அஜரத்து, எங்கம்மா பாத்துட்டாங்க" என்று அவனே சொன்னானாம்.

அவனையே சொல்ல வைத்துவிட்டேன்.

வேறு எந்த ஊரிலும் பிறை தெரியவில்லை. சனிக்கிழமை பெருநாள்.

மார்ச் 20, வெள்ளி

ஆசிப்புக்கு இது முப்பத்தொன்றாவது நோன்பு. அங்கே ஒரு நாள் முன்னாடி ஆரம்பித்துவிட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டான். காலையிலிருந்து அவன் போனில் ஷார்ஜா கூட்டாளிகள் பெருநாள் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். புதுச் சட்டை, பெரிய தட்டு, சிரிப்பு. கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் பெட்டி கட்டினான்.

மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "மாமி, தெருவுல தல காட்ட முடியல. பேஜாராப் போச்சு."

"ஏன் மாப்பிள்ள? நீங்க புடிச்சதும் பள்ளிவாசல் பிறைதான. சாராயக் கடை லைட்டையா புடிச்சீங்க?"

ஆசிப் சிரித்துவிட்டான். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு. அதற்கப்புறம்தான் என்னிடம் பேசினான். மடித்த துணியை மறுபடி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் —

"நேத்து நீ போன் பண்ணப்ப, இது அம்மா வெளாட்டா இருக்கணும்னு நெனச்சேம்மா. நெசமா நெனச்சேன்."

கறி வேக வேண்டும் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். பெருநாள் பிரியாணியை இன்றைக்கே போட்டேன். நாளைக்குப் போட்டு யாருக்கு?

சாயங்காலம் பிறை தானாகத் தெரிந்தது. தெருவில் நடக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் போனை எடுக்கவில்லை. பள்ளிவாசலில் தக்பீர் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எது வாயில் போனது என்றே தெரியவில்லை. நீலச் சட்டையை அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்றான் ஆசிப். போட்டுக்கொண்டு போ என்றேன். போட்டான். வழிக்கு ஒரு டப்பா நிறையக் கட்டிக்கொடுத்தேன்.

கார் போய்விட்டது. இந்தத் தடவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

மார்ச் 21, சனி, பெருநாள்

தொழுகைக்குப் போனவர்கள் வருவதற்கு முன்னாடியே ஆசிப் ஃபஸீஹா போனுக்கு வீடியோவில் வந்தான். விமான நிலையத்திலிருந்து. நீலச் சட்டை கசங்கியிருந்தது. அவனை மாதிரியே இரண்டு பக்கமும் பெருநாளைத் தவறவிட்டவர்கள் அங்கே ஒரு கூட்டமாம். ஒரு மூலையில் வரிசையாக நின்று தொழுதுவிட்டார்களாம்.

"முடிச்சிட்டு உன் பிரியாணிதாம்மா எல்லாருக்கும்" என்று போனைத் திருப்பினான். யார் யாரோ முகம். என் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தாடி வைத்த ஒருத்தர், ராமநாதபுரத்துக்காரராம், எனக்கு சலாம் சொன்னார்.

"பெருநாள் வாழ்த்து ஆத்தா. சோறு நல்லாருக்கு. உப்புதான் போட மறந்துட்டிய போல."

"ஓசியில துன்னுக்கினு கொற வேறயா அண்ணே?" என்றேன். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். ஆசிப் மட்டும் அவர் தோளை இடிப்பது தெரிந்தது. அதற்குள் விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுப்படிக்குப் போய் தேக்சாவின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வாயில் போட்டேன்.

உப்பே இல்லை. நோன்பு வாயோடு ஆக்கினது, ருசி பார்க்கவில்லை. நேற்று எல்லோரும் சாப்பிட்டார்கள். அவர், மாப்பிள்ளை, ஃபஸீஹா, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆசிப் இன்னும் கொஞ்சம் போடும்மா என்று தட்டை நீட்டினான்.