வெயில் பக்கத்து ஜன்னல்

இன்று காலை புது மேனேஜர் ஆய்வகத்தில் என் மேசையில் ஒரு வெள்ளைக் கட்டியை வைத்தார். எண்ணெய்ப்பனைக் கொட்டையின் கொழுப்பு. சுரண்டினால் சோப்பு மாதிரி சீவல் வரும். வாசனையே இல்லை. அந்த வாசனையில்லாததை முகர்ந்ததும் உன் ஞாபகம் வந்தது.

"நம்ம களிம்புல இதக் கொஞ்சம் சேத்தா வெயிலுக்கு நிக்கும், மேடம்" என்றார். உன்னிடம் பழைய மேனேஜர் சொன்ன அதே வாக்கியம்.

இதை நீ படிக்கப் போவதில்லை. மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் காரியத்தன்று பலரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. நீயும் நம்பியிருக்க மாட்டாய்.

மலையேறுகிறவர்களின் பாத வெடிப்புக்காக நாம் செய்த களிம்பு அது. சித்தூரின் மாங்கூழ் ஆலைகள் ஒதுக்கும் கொட்டைப் பருப்பிலிருந்து எடுத்த கெட்டிக் கொழுப்பும் நல்லெண்ணெயும்தான் சரக்கு. திருப்பதிக் கடைகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் கோடையில் இளகிவிடும். கெட்டியான இன்னொன்றைச் சேர்த்தால் சரியாகும் என்று பழைய மேனேஜர் கணக்குப் போட்டார். நீ மறுத்தாய்.

"டீல போட்ட சக்கரை உருகறதில்ல சார், கரையுது. எண்ணெய்ல கொழுப்பும் அப்படித்தான், உருகற சூடு வர்றதுக்கு முன்னயே கரைய ஆரம்பிச்சிடும். இதுல ரெண்டு ஜாதி கெட்டியச் சேத்தா ஒண்ணோட ஒண்ணு அடுக்காது. தனித்தனியா இருந்தத விட சீக்கிரமா ரெண்டும் இளகிடும்."

இரண்டு கல்லைச் சேர்த்தால் தண்ணீராகுமா என்று அவர் சிரித்தார். பெரிய பாத்திரத்தில் கலக்கச் சொன்னார். போன டப்பாக்கள் எல்லாம் ஒழுகித் திரும்பி வந்தன. நீ கிண்டியது சரியில்லை என்று சொல்லி, ஆய்வகத்திலிருந்து உன்னைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்.

வேலையை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாய். அவர் கலவை ஒரு டப்பா, உன் கலவை ஒரு டப்பா. உன்னுடையதில் அந்த இரண்டாவது கொழுப்பு இல்லை, எண்ணெயையும் குறைத்திருந்தாய். ஏற்கெனவே உறைந்திருந்த கொழுப்பின் குருணை ஒன்றுகூட மிஞ்சாமல் முழுக்க உருக்கி, ஆறும்வரை கை எடுக்காமல் கிண்டியிருந்தாய். ஆய்வக அடுப்பின் சூடு ஒரே சீராக இருக்கும், ரோட்டில் அப்படியா இருக்கிறது என்று கேட்டாய். மத்தியானத் திருப்பதி பஸ்ஸில் வெயில் விழும் பக்கம் பார்த்து உட்கார்ந்தோம்.

கண்டக்டர் நம்மையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, பஸ்ஸே நெழலுக்கு அடிச்சிக்கினு கீது. நீங்க ரெண்டு பேரும் இன்னா, வடகமா, காஞ்சிக்கினு வர்றீங்க?"

"ஆமாண்ணா, வடகம்தான். திரும்பும்போது பொரிச்சித் தர்றோம்" என்றாய்.

சந்திரகிரி தாண்டியதுமே மேனேஜரின் டப்பா உன் புடவையில் வழிந்தது. திருப்பதியில் இறங்கி உன்னுடையதைத் திறந்தோம். விரல் வைத்தேன். தடம் அப்படியே நின்றது.

மறுநாள் இரண்டையும் எல்லார் முன்னாலும் மேனேஜர் மேசையில் வைத்தாய். உன் கலவை மட்டும் சத்தமில்லாமல் நம் ஆலைக்குள் நுழைந்தது. நீ பேக்கிங்கிலேயே இருந்தாய், போன வருஷம் சாகும்வரை. இரங்கல் கூட்டத்தில் உன்னைப் பொறுமைசாலி என்றார்கள். பொறுமையா? வருஷா வருஷம் கோடையில் புதுச் சரக்கோடு அதே பஸ்ஸில் ஏறியவள் நீ. அதற்குப் பெயர் பொறுமை இல்லை.

இதையெல்லாம் புது மேனேஜரிடம் சொல்லவில்லை. அந்தக் கட்டியைக் களிம்பில் போட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டார். இந்தக் கலவை என்னுடையதில்லை என்றேன். உன் பெயரைச் சொன்னேன். அவள் செய்தது, மாற்றும் உரிமை எனக்கில்லை, உங்களுக்கும் இல்லை என்றேன். அந்த அறையில் களிம்போடு சேர்த்து உன் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

பரீட்சை பண்ணிப் பார்த்துவிடலாம் என்றார். திருப்பதி ரோட்டில்தான் என்றேன். காரிலேயே போகலாம் என்றார். ஏசி காரில் எல்லாக் களிம்பும் நிற்கும் என்றேன்.

நாளை மத்தியானம் பஸ். உன் டப்பா என் பையில் இருக்கிறது. அந்தக் கட்டி சேர்த்த அவருடையதை அவரே மடியில் வைத்துக்கொண்டு, வெயில் பக்கத்து ஜன்னலில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். எப்போதும்போல வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டுதான் வருவார். வரட்டும்.