பை முன்னால் போனது

ஜூலை 19, ஞாயிறு. சேக்காடு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. துணி காயவில்லை.

இன்றைய வேலை: கப்பல் முடிகிற நாளுக்கு, திரும்பி வர விமானம் பார்ப்பது.

இவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், இந்த மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறார். (இனி மூ. அவரை முழுதாக எழுதப் பொறுமை இல்லை.) அதற்கு அவரே தனக்குச் செய்துகொள்ளும் மரியாதை: சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு பார்த்து, மறுபடி சிங்கப்பூரில் இறங்கும் கப்பல். மூன்று ராத்திரி. மூ., ஓரகத்தி, இவர், நான். அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸில் முதலாளிக்கு டிக்கெட் போடுகிறவள் என்பதால் குடும்பத்துக்கும் நானே.

நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆகஸ்ட் 22 சனிக்கிழமை காலை என் தங்கை பூங்கொடிக்கு ஆபரேஷன், பூந்தமல்லி ஆஸ்பத்திரியில். இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கியது. அம்மா இல்லை. அவளுக்கு நான்தான். கப்பல் வெள்ளிக்கிழமை காலையே கரைக்கு வந்துவிடுகிறது, அன்றைக்கே திரும்பிவிடலாம் என்கிறார் இவர். அண்ணன் ஒரு தடவைதான் ரிடையர் ஆவாராம். என் தங்கை மட்டும் வாரா வாரம் பெறுகிறாளா?

21 வெள்ளி:
கப்பல் கரைக்கு 7
இறங்க 9, மிஞ்சினால் 9½
விமான நிலையம் 10½
விமானம் 1.20
சென்னை, நம் மணிக்கு 3.00
சாயங்காலம் பூங்கொடி பக்கத்தில்.

அதற்கு முன்னால் 10.15-க்கு ஒன்று. அதைப் பிடிக்க இறக்கை வேண்டும். ராத்திரி விமானத்தில் இடம் இல்லை. ஆகவே 1.20.

ஆறு மணிக்கு மூ. வந்தார். தோளில் அந்தத் துண்டு. அதை அவர் துவைத்து நான் பார்த்ததில்லை. பிழிவார், போட்டுக்கொள்வார். எண்ணெய், வியர்வை, தலைச்சாயம், எல்லாம் சேர்ந்து ஊறிய ஒரு வாடை. சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குதிகால் தோலைப் பிய்த்தார். பிய்த்ததை முறுக்குத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதே கையால் முறுக்கு. கூட்டிப் பெருக்கிவிட்டேன், அந்தத் தட்டை இரண்டு தடவை தேய்த்தேன்.

சட்டைப்பையிலிருந்து காலண்டர்த் தாள். “தோ பாரும்மா, அங்க ஒண்ணு இருவதுன்னா நம்மூருல பத்து அம்பது. வெள்ளிக்கெழம பத்தரலேர்ந்து ராவு காலம். அதுல ஏறி உக்காந்தா இன்னா ஆவுறது?”

சிங்கப்பூர் மணிக்கு அது ராகு காலம் இல்லையே என்றேன். பிறந்தது சேக்காடு, அதனால் சேக்காட்டு மணிதான் என்றார். ராகுவுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஒன்று 10.15-க்குப் போடு, இல்லை சனிக்கிழமை போடு என்று பிடித்த பிடியில் நின்றார். அண்ணன் எதிரில் இவருக்கு வாய் இருப்பதே மறந்துவிடும்.

அப்போதுதான் எனக்குப் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்களே, அது. பை போனால் ஆள் போன கணக்கு. கப்பலிலும் கடைசி சாயங்காலம் பையை அறைக்கு வெளியே வைத்தால் அவர்களே எடுத்துப்போய், காலையில் கரையில் கொடுப்பார்கள். பக்கத்து வீடே வேண்டாம் மாமா, கப்பல்காரனே பரஸ்தானம் செய்கிறான் என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மூளை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். 1.20-க்கு நான்கு டிக்கெட். ராகுவையும் மூத்தாரையும் ஒரே கல்லில் அடித்த பெருமையில் இன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

நல்ல மழை. சுரங்கப்பாதையில் தண்ணீர், சுற்றிக்கொண்டு பூந்தமல்லி போகப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நனைந்த செருப்பு.

பூங்கொடி கால் வீங்கிக் கிடக்கிறாள். ஆபரேஷன் ஏழரைக்கு மேல் எட்டரைக்குள். நேரம் குறித்தது அவள் மாமியார். ஊர் முழுக்க ஒரே நோய்.

டாக்டரிடம் தைரியமாகப் பேசுகிறவள், நான் கிளம்பும்போது முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “உள்ள கூட்டிட்டுப் போறப்ப நீ வாசல்ல நிக்கணும்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

நிற்பேன் என்றேன். முதல் நாள் மூன்று மணிக்கே சென்னை என்று டிக்கெட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள், தேதியை மறுபடியும் பார்த்தாள்.

வாங்க, எடுத்து வைக்க: வாந்தி மாத்திரை, ஊக்கு, பழைய வெள்ளை வேட்டி (குழந்தைக்கு, முன்னாலேயே கொடுத்தனுப்ப), இவருக்கு பெல்ட்.

ஆகஸ்ட் 18, செவ்வாய். கப்பல்

ஏறியாயிற்று. வெயில், ஆனால் உள்ளே குளிர். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கடைசி நாள் தருவார்களாம்.

நான்கு பேருக்கும் ஒரே அறை. குடும்பம் என்றால் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று மூ. முன்பே சொல்லிவிட்டார். ஜன்னல் இல்லை. குளியலறை நம் வீட்டு அலமாரி அளவு. மூ. போய் வந்த பிறகு அரை மணி நேரம் யாரும் போக முடியாது. துண்டு என் தலைமாட்டுக் கொக்கியில் தொங்குகிறது. எடுத்து அந்தப் பக்கம் மாட்டினேன். திரும்பி வந்தால் மறுபடி என் தலைமாட்டில்.

சாப்பாட்டுக் கூடம். எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் எவ்வளவு வேண்டும் என்பது மனிதனுக்கு மறந்துவிடுகிறது. தட்டில் மீன் மேல் கேக், கேக் மேல் நூடுல்ஸ். பாதி குப்பைக்கு. ஓரகத்தி தயிர்க் கிண்ணம் எட்டைக் கைப்பையில் போட்டாள். ஒன்று உடைந்துவிட்டது. கைப்பையை அறையில் கவிழ்த்தாள்.

ஆகஸ்ட் 19, புதன்

கடல் ஆட்டம். இவருக்கு வாந்தி, எனக்குத் தலையைப் பிடிக்கிற வேலை. மூ. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவித்த முட்டை.

பினாங்கில் இறங்கினோம். மூ. கடிகாரத்தில் இன்னும் சேக்காட்டு மணி. கோயில் ஒன்று, கடை ஆறு. கோயில் வாசலிலேயே காறித் துப்பினார். ஒரு சீனக் கிழவர் நின்று பார்த்தார். நான் இவர்களோடு வராதவள் மாதிரி நான்கடி தள்ளி நின்றேன். அதுவும் பிறகு அசிங்கமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 20, வியாழன்

கடல் அமைதி. பாஸ்போர்ட் திருப்பிக் கொடுத்தார்கள். குடும்பத் தலைவர் என்று மூ. போய் நான்கையும் வாங்கி வந்தார்.

பரஸ்தானம் ஆயிற்று. இங்கே 8.10, சேக்காட்டில் ஐந்து நாற்பது. மூ.வின் மெரூன் பை மட்டும். மற்றதை நாங்களே கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். அறை எண் போட்ட வெள்ளைச் சீட்டைப் பையில் கட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெறும் வெள்ளையாக வைக்கக் கூடாது என்று அதன் மேல் மஞ்சள் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம். ஊரிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். கதவுக்கு வெளியே வைத்து நான்கு பேரும் கும்பிட்டோம். எதிர் அறை வெள்ளைக்காரி போட்டோ எடுத்தாள்.

சாப்பிடும்போது என் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். “பத்ரமா கீதும்மா” என்றார், வாயில் நண்டு. சொல்லும்போது ஒரு துணுக்கு பறந்து வந்து என் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

நாளைக்கு இந்நேரம் பூந்தமல்லி.

ஆகஸ்ட் 21, வெள்ளி. விமான நிலையம்

வெளியே என்ன வானிலை என்று தெரியாது. கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாக எழுதிவிடுகிறேன்.

7.00 கப்பல் கரைக்கு வந்தது. 8.50 இறங்கினோம். எல்லாம் என் கணக்குப்படி. 9.15 குடியேற்ற வரிசை. அதிகாரி பாஸ்போர்ட் கேட்டார். நான் மூ.வைப் பார்த்தேன். மூ. சிரித்தார்.

பாஸ்போர்ட் பையில். மெரூன் பையில். பை குடியேற்றத்துக்கு அந்தப் பக்கம். பாஸ்போர்ட் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது.

ஏன் அதில் வைத்தீர்கள் என்று கத்தினேன். பொது இடத்தில் மூத்தாரை நோக்கிக் கத்தியது இதுதான் முதல் தடவை.

“பரஸ்தானத்துல முக்கியமானத வெச்சாத்தாம்மா செல்லும். பாஸ்போட்ட உட முக்கியம் இன்னா கீது?”

அந்த முட்டாள்தனத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை.

கப்பல்காரப் பெண் ஒருத்தி பையைத் தேடப் போனாள். அறை எண் கேட்டாள், சொன்னோம். அந்த எண்ணில் பையே இல்லை என்று வந்தாள். சீட்டில் எண் இருந்தால்தானே? மஞ்சள் ஊறி, குங்குமம் கரைந்து, எண்ணெல்லாம் போயிருக்கிறது. ஆயிரக்கணக்கான பைகள், அவரவர் எடுத்து முடித்து மீதம் நிற்கிற வரைக்கும் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். 10, 11, 12. பெஞ்சில் மூ. தூங்கினார், வாய் திறந்து. ஓரகத்தி தயிர் சாப்பிட்டாள். இவர் சுவரைப் பார்த்தார். அண்ணனைக் கேளுங்கள் என்றேன். என்ன கேட்பது என்றார்.

12.25 பை வந்தது. மூ. திறந்தார். பாஸ்போர்ட் நான்கும் பத்திரத்துக்காக அந்த ஈரத் துண்டில் சுற்றியிருந்தது. நான்தான் பிரித்தேன். அட்டை நமுத்து, பக்கமெல்லாம் அந்த வாடை. அதிகாரி இரண்டு விரலால் பிடித்துப் புரட்டினார்.

விமான நிலையத்துக்கு 1.05. கவுண்ட்டர் மூடியாயிற்று. நாளைக் காலை 8.50 விமானம், நம் மணிக்குப் பத்தரையை ஒட்டி சென்னை. பூங்கொடியை ஏழரைக்கு உள்ளே கூட்டிப் போய்விடுவார்கள்.

அவளிடம் போனில் சொன்னேன். சரிக்கா என்றாள். மறுபடி, சரிக்கா. வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மூ. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை நேரம் சுத்தமாக இருக்கிறது, எல்லாம் நல்லதுக்கே என்றார்.

அருவருப்பாக இருக்கிறது. அவர் மேல் மட்டும் இல்லை. பரஸ்தானம் யாருடைய யோசனை? நேற்று இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பத்திரம் என்றால் எங்கே என்று தெரிந்திருக்கும். ஒரு நண்டுத் துணுக்குக்கு எழுந்து போனேன், பெரிய சுத்தக்காரி.

ஆகஸ்ட் 22, சனி

சென்னை, வெயில் கொளுத்துகிறது. விமானம் தரையைத் தொட்டதும் போனைப் போட்டேன். பூங்கொடி வீட்டுக்காரர் எட்டே காலுக்கே செய்தி அனுப்பியிருந்தார். பெண். இரண்டு பேரும் நலம். நான் அப்போது கடல் மேல் எங்கேயோ, கையில் உப்பில்லாத உப்புமா.

கூப்பிட்டேன். உள்ளே கொண்டுபோகும்போது கேட்டாளாம், அக்கா வந்துட்டாளா என்று. பயந்துவிடுவாள் என்று அவள் வீட்டுக்காரர் பொய் சொல்லியிருக்கிறார், கீழே வண்டி நிறுத்திக்கொண்டிருக்கிறாள் என்று. அவளும் சரி என்று போயிருக்கிறாள்.

வாடகைக் காரில் நான்கு பேர். முதலில் பூந்தமல்லி என்று டிரைவரிடம் சொன்னேன். பிறந்த தீட்டு, நாளைக்கு நம் வீட்டில் குலதெய்வப் பூஜை, அங்கே போய்விட்டு வீட்டுப் படி ஏறக் கூடாது என்று பின்சீட்டிலிருந்து மூ. ஆரம்பித்தார். பூஜை முடியட்டும், திங்கள்கிழமை போ, குழந்தை எங்கே ஓடிப்போகிறது? இவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். குமணன்சாவடி வரைக்கும் பேச்சு நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். டிரைவர் டிக்கியைத் திறக்க வந்தார். வேண்டாம் என்றேன்.

“என் பை முன்னால வீட்டுக்குப் போகட்டும் மாமா. நான் நேரம் பார்த்து வர்றேன்.”

மூ.வுக்கு உடனே புரியவில்லை. இவருக்குப் புரிந்தது. கதவைத் திறக்கப் போனார், அண்ணன் முகத்தைப் பார்த்தார், திறக்கவில்லை. கார் போயிற்று.

இரண்டாம் மாடி. பூங்கொடி பாதி மயக்கத்தில். உதடு வெடித்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.

“வண்டி நிறுத்த இவ்ளோ நேரமாக்கா?”

பக்கத்தில் அது, வெள்ளை வேட்டிக்குள். நிறைய முடி. குனிந்தேன். கை கழுவிட்டுத் தூக்கு என்றாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். விரலை மோந்து பார்த்தேன். துண்டு வாடை. மறுபடி கழுவப் போகிறேன்.