ராசாவின் காசும் உம்முடைய செத்தவீடும்

இன்று மத்தியானம் ஃபாரஸ்ட் கேட் கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்கிவிட்டு மிச்சக் காசுக்குக் கையை நீட்டினால், உள்ளங்கையில் ஒரு புதுப் பவுண் காசுக் குற்றி விழுந்தது. புது ராசாவின் தலை போட்டது. அப்படியே நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையைச் சுற்றியிருந்த எழுத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். பின்னால் நின்ற பெண் பொறுமையில்லாமல் செருமினாள். நீர் பழக்கிவிட்ட பழக்கம் ஐசே, நான் என்ன செய்ய?

எழுத்து அதேதான். கடவுள் அருளால் அரசர், விசுவாசத்தின் காவலர் என்று லத்தீனில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். மகாராணி போய் மகன் வந்த பிறகும் அது போகவில்லை. நீர் உயிரோடு இருந்திருந்தால் உடனே போன் அடித்து என் காதைத் தின்றிருப்பீர்.

உம்முடைய அந்தச் சின்னக் கடையில் எத்தனை சனிக்கிழமைகள் இதே சண்டை! பாலும் பத்திரிகையும் வாங்க வருகிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே மிச்சம் கொடுப்பீர். அவர்கள் கதவைத் தாண்டியதும் ஒரு காசை எடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடிப்பீர்.

“இஞ்சை பாரும். ஒரு போத்தல் பால் வாங்கிறவனும் இந்தக் கடவுளைக் கையில பிடிச்சுத்தான் வாங்க வேணும். கும்பிடாதவனுக்கு வேறை காசு அடிச்சு வச்சிருக்கினமே?”

“உமக்கு விசர்,” என்பேன். “ராசா சேர்ச்சுக்குத் தலைவரா இருந்தா இருந்திட்டுப் போகட்டும். எங்களையும் கோயில் கட்ட விட்டிருக்கினம்தானே?”

“விட்டிருக்கினம் எண்டு சொல்லுறீர் பாரும், அதிலதான் பிழை. விடுறதுக்கு அவை ஆர்?”

ஊரில் அரசாங்கம் பெரும்பான்மையின் சமயத்தைத் தோளில் தூக்கி வைத்தபோது கீழே நின்ற சனம் நாங்கள். நாட்டை விட்டு வந்து, நான் கோயில் சபையில் சேர்ந்தேன். நீர் கோயில் வாசலையே மிதிக்கவில்லை. பட்டது இரண்டு பேரும் ஒன்றுதான்.

கடை திறந்த அன்று நான் லூயிஷாமிலிருந்து ரயிலேறி ஒரு பிள்ளையார் படம் கொண்டு வந்தேன். தமிழ்க் கடையென்றால் காசுப் பெட்டிக்கு மேலே பிள்ளையாரும் காலையில் ஒரு ஊதுபத்தியும் இல்லாமல் இருக்குமா? நீர் படத்தை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிப் பையில் வைத்துக் கட்டிவிட்டீர்.

“அட, பிள்ளையார் ஆரைக் கடிக்கப் போறார்?” என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“கடிக்கமாட்டார். ஆனா இஞ்சை சோமாலிக்காரர் வருவினம், போலந்துக்காரி வருவா. ஒருத்தருக்கும் இது தன்ர இடமில்லை எண்டு தோன்றக் கூடாது. இது கடை ஐசே, வீடில்லை.”

வீட்டில் அதே படத்துக்கு நீரே சுவரில் பலகைத் தட்டு அடித்துக் கொடுத்தீர். உம்முடைய மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை முழுக்க அதற்கு விளக்கும் வைத்தீர். நான் கண்டு சிரிக்க, “நான் கும்பிடேல்லை. அவள் வந்து விளக்கு வச்சனீங்களோ எண்டு கேட்டா ஓம் எண்டு சொல்ல வேணும், அதுக்குத்தான்,” என்றீர். உம்மைப்போல ஒரு பக்தனை நான் கோயிலில் கண்டதில்லை. இப்படிச் சொல்வது உமக்குப் பிடிக்காது. பரவாயில்லை, கேட்டுக்கொண்டிரும்.

பிறகு நீரே ஆஸ்பத்திரியில் கிடந்தீர். ஜன்னலால் நல்ல வெயில் விழுந்த ஒரு பின்னேரம், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்: “என்ர செத்தவீட்டில குருக்கள் வேண்டாம், கிரியை வேண்டாம். மனிசி அழுவாள், அண்ணை கத்துவார். கோயில்காரன் நீர் சொன்னாத்தான் எடுபடும்.”

கிரியை இல்லாமல் போகிற ஆன்மா அந்தரிக்கும் என்று நம்புகிறவன் நான். நீர் அலைந்து திரிவதற்கு நானே வழி செய்து கொடுப்பதா? போயும் போயும் என்னிடம் கேட்கிறீரே என்று உள்ளுக்குள் திட்டினேன். ஆனாலும் ஓம் என்றேன். நீர் கையை விடவில்லை.

செத்தவீட்டன்று கிங்ஸ்பரியிலிருந்து உம்முடைய அண்ணை குருக்களையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தர்ப்பை, எள்ளு, கும்பம் எல்லாம் மண்டபத்து மேசைக்கு வந்துவிட்டன. நீர் பெட்டிக்குள் ஒன்றும் தெரியாதவர் மாதிரிப் படுத்திருந்தீர். குருக்களிடம் போய்க் கும்பிட்டு, “ஐயா, குறை நினைக்காதேங்கோ. இவருக்கு இது விருப்பமில்லை,” என்றேன்.

அண்ணை பாய்ந்து வந்தார். “நீர் ஒரு கோயில்காரன்! என்ர தம்பியை அநாதைப் பிணம் மாதிரி அனுப்பச் சொல்லுறீரோ? வெக்கமில்லையே உமக்கு?”

“கோயில்காரன் எண்டபடியாத்தான் அண்ணை சொல்லுறன். வேண்டாமெண்டவன்ர தலையில சமயத்தைக் கட்டினா, அதுக்குப் பேர் சமயமில்லை. அதை நாங்கள் பட்டுத்தானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்?”

வாய் என்னுடையது, பேச்சு உம்முடையது. குருக்கள் நல்ல மனிதர். தர்ப்பையைச் சுருட்டினார்.

அப்போதுதான் உம்முடைய மனைவி என்னிடம் வந்தார். “அண்ணை, நான் மட்டும் மனசுக்குள்ளை ஒரு தேவாரம் படிக்கலாமோ?” “தங்கச்சி, அது உங்கட மனசு. அதுக்கு ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை,” என்றேன். அவர் உம்முடைய கால்மாட்டில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. நீர் உயிரோடு இருந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டீர்.

உம்முடைய அண்ணை அதன் பிறகு என்னோடு கதைப்பதில்லை. திருவிழாவில் நேரே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடுத்த பொதுக்கூட்டத்தில் சபைக்கு என் பெயரை ஒருவரும் முன்மொழியவில்லை. அதெல்லாம் போகட்டும், பதவி இல்லாவிட்டாலும் சாமி கும்பிடலாம். பயம்தான் போகமாட்டேன் என்கிறது. நீர் எங்கே இருக்கிறீர், நன்றாக இருக்கிறீரா என்று குளிக்கும்போதும் பஸ்ஸில் இருக்கும்போதும் யோசிக்கிறேன். நீர் சிரிப்பீர் என்று தெரியும், சிரியும்.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் லூயிஷாம் கோயிலில் மோட்ச அருச்சனைக்கு வரிசையில் நிற்கிறேன். குருக்கள் செத்துப்போனவர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு வருவார். அப்பாவின் பெயரைச் சொல்வேன், அப்பப்பாவின் பெயரைச் சொல்வேன். “வேறை ஆரும் இருக்கினமோ?” என்பார். உம்முடைய பெயர் நாக்கு நுனிவரை வந்துவிடும். சொல்லிவிட்டால் என் பயம் தீரும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, உமக்கும்கூட.

“இல்லை ஐயா,” என்கிறேன். அவர் அடுத்தவரிடம் போகிறார்.