நான் நீக்கப் பார்த்த இருவர்

உன் அத்தா இன்று காலை கீழ்க்கட்டளையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "அவ அலமாரியில இருந்துச்சும்மா. உங்க ரெண்டு பேருதுன்னு தோணுச்சு," என்றார். நீ எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் கழித்துத்தான் அவரால் அந்த அலமாரியைத் திறக்க முடிந்திருக்கிறது. பெட்டிக்குள் நம் ஆய்வின் கேள்விப் படிவங்கள். ஜெராக்ஸ் மையின் வாசனை, கொஞ்சம் ஈர நெடியோடு.

காட்டாங்குளத்தூரில் நாம் ஆய்வு மாணவிகளாக இருந்த காலம். பரீட்சை பயத்தை மூச்சுப்பயிற்சி குறைக்குமா என்பது நம் கேள்வி. ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்தோம், இன்னொன்றுக்கு இல்லை. கடைசியில் இரண்டு குழுக்களின் பய மதிப்பெண்களையும் டி-டெஸ்டில் போட்டோம். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு இடைவெளி வர எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லும். 0.05-க்குக் கீழே வந்தால் கட்டுரை தேறும். நமக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. மறுநாள் காலை கைடிடம் முடிவைக் கொடுத்தாக வேண்டும்.

பயிற்சி எடுத்தும் பயம் ஏறியிருந்த இருவரை நீக்கிவிடலாம் என்றேன். ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள் என்று காரணமும் வைத்திருந்தேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாய்: "பயம் குறைஞ்சிருந்தா இவங்களைத் தூக்கியிருப்பியாடி?"

உனக்கு வேலை கிடைத்துவிட்டது, எனக்கு இந்தக் கட்டுரைதான் எல்லாம் என்று கத்தினேன். நீ குறியீட்டு எண்களை வைத்து அவர்களின் பெயர்களைத் தேடினாய். விசாரித்ததில், பையன் காய்ச்சலோடு படிவத்தை நிரப்பியிருந்தான். பெண்ணோ பத்து நாளாகக் கல்லூரிக்கே வரவில்லை.

அன்று மாலையே வண்டலூரில் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் கதவருகே நின்றபடியே சொன்னாள்: "கண்ணை மூடி மூச்சைக் கவனின்னு சொன்னீங்கல்ல மேடம்? எனக்கு மூச்சே நின்னுடுற மாதிரி இருந்துச்சு. அதுல இருந்து கிளாஸ்ல உட்கார முடியல."

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டாய். மற்ற எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். தனக்கு மட்டும்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாளாம்.

"கோளாறு உன்கிட்ட இல்ல. நாங்க கேட்டிருக்கணும்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அடுத்த வாரம் தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அவளை நீயே கூட்டிப் போனாய். அவள் பரீட்சை எழுதினாள். வித்தியாசம் உறுதியாகவில்லை, சிலருக்கு இந்தப் பயிற்சி தீங்கும் செய்யக்கூடும் என்றே கட்டுரையில் எழுதினோம். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது ஏற்றுக்கொண்ட செய்தியை உன் மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன்.

அப்போதும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று நீ அறைக்குள் வருவதற்கு முன்பே, அந்த இருவரையும் நீக்கி ஒருமுறை கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன். எண் கீழே இறங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்து தனியாகச் சிரித்தேன். அந்த நேரத்தில் அவள் வண்டலூரில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள்.

இப்போதும் ஒரு முடிவு நான் ஆசைப்பட்டபடியே வந்துவிட்டால், எனக்கு முதலில் வருவது பயம்தான்.