லிஸ்டில் இருக்கிற ஆஸ்பத்திரி

வேப்பம்பட்டு
14.7.1996

அன்புள்ள மருமகன் நாகப்பனுக்கு உன் தாய்மாமன் செங்கல்வராயன் எழுதிக்கொள்வது. ஷார்ஜா வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே எல்லோரும் சுகம், பித்தப்பைக் கல்லை எடுத்த பிறகு உன் அம்மாவும் எழுந்து நடமாடுகிறாள், நீ பயந்துவிடக் கூடாதே என்று அதை முதலிலேயே எழுதிவிட்டேன். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் பொங்கலுக்கே சொன்னவன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உன் தம்பி வீராசாமியின் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் குடும்பத்துக்கே மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள் அல்லவா, அதன் சூட்சுமம் அவனுக்கே தெரியாது, நான்தான் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன், மேனேஜரே எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். இன்சூரன்ஸ்காரர்கள் சில ஆஸ்பத்திரிகளோடு ரேட் பேசி ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறார்கள். லிஸ்டில் உள்ள இடம் என்றால் கம்பெனி கடிதத்தைக் காட்டிவிட்டுச் சேர்ந்தால் போதும், பில் அவர்களுக்கே போய்விடும். இல்லாத இடம் என்றால் மொத்தத்தையும் நாமே கட்டிவிட்டு ரசீதைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதிலும் பாதிதான் திரும்ப வரும், மீதி நம் தலையில். நீ எழுதியிருந்த பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி லிஸ்டில் இல்லை, அங்கே இருபத்தைந்தாயிரம் முன்பணம். ஆவடி ஆஸ்பத்திரி லிஸ்டில் மூன்றாவது பெயர், அந்த இங்கிலீஷ் காகிதத்தை நான் ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

இதில் ஒரு சின்னச் சறுக்கல். கடிதம் வாங்குவதற்கு முன்பே பூந்தமல்லியில் நமக்குத் தெரிந்த ஹாஜா மொய்தீனின் ஸ்கேன் சென்டருக்கு அக்காவை அழைத்துப் போய்விட்டேன், அவரும் ஐம்பது ரூபாய் குறைத்து நானூறுக்கு எடுத்துக் கொடுத்தார். ஆவடியில் அதை ஒத்துக்கொள்ளாமல் மறுபடி எடுத்தார்கள், அது இன்சூரன்சில் போயிற்று, நம் நானூறு போனது போனதுதான். "இன்னா மாமா, அம்பது மிச்சம் புடிக்கப் போயி நானூற உட்டுகினு வந்துகீறியே" என்று வீராசாமி கேலி பண்ணினான். சட்டத்தைப் பரீட்சை பண்ணிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மாதான் ஒரே பிடிவாதம். வலியில் சுருண்டு கிடந்துகொண்டு, "எம்புள்ள பெரிய ஆஸ்பத்திரினு எழுதிக்கீறான், அவன் பேச்ச மீறி நான் எங்கியும் வரமாட்டேன், நீ சொம்மா கெடடா" என்றாள். நீ ஊருக்கு வர வைத்திருக்கும் டிக்கெட் பணத்தைத்தான் அனுப்பப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், மூன்று வருஷமாக உன் முகத்தைப் பார்க்காதவள் அவள். நாலு நாள் சோறு இறங்கவில்லை, கண் மஞ்சள் பூத்துவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் நான் பேசிய பேச்சில் எழுந்து புடவை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். கல் ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு, டாக்டரே அசந்துபோனார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாயிற்று. அந்த ஸ்கேன் நானூறைத் தவிர நம் கையிலிருந்து போனது மயக்க மருந்து டாக்டருக்கு எண்ணூறு மட்டும், ஆஸ்பத்திரி லிஸ்டில் இருந்தாலும் அவர் வெளியிலிருந்து வருகிறவராம், லிஸ்டில் இல்லையாம், இதை முன்னாடியே கேட்க வேண்டும் என்பது எனக்கே புதுசு.

ஆகவே நீ பணம் அனுப்ப வேண்டாம், அந்த டிக்கெட்டைப் போட்டுத் தையில் வந்து சேர். அங்கே உன் கம்பெனி கார்டு எந்தெந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள். நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் நைனா.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஸ்டேஷன் எதிரில் இருக்கிற டெலிபோன் பூத்துக்கு உன் போன் வந்தது, ஆவடிக்கே போகச் சொல்லி நீ அழுதாய் என்றுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். போனும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை, நானே கட்டிவிட்டது. அவள் தெருவெல்லாம் "எம்புள்ள போன் போட்டு அழுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள், அடுத்த கடிதத்தில் நீ போன் பண்ணினதாக ஒரு வரி எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் மாமன்
செங்கல்வராயன்